டிரிப்டோஃபானுக்கு இடம் கிடைக்குமா?

அமெரிக்காவில் நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் நாளில் வான்கோழி விருந்து தடபுடலாக நடக்கும். உண்டு முடித்ததும் பலருக்குக் கண்ணைச் சொருகும். பழி வான்கோழி மேல் விழும்: அதிலுள்ள டிரிப்டோஃபான் மூளையில் செரோடோனினாக மாறித் தூக்கம் வரவழைக்கிறதாம். மூளை இந்த அமினோ அமிலத்திலிருந்துதான் செரோடோனின் தயாரிக்கிறது என்பது உண்மை. ஆனால் கோழிக்கறியிலும் ஏறக்குறைய அதே அளவு டிரிப்டோஃபான் உண்டு. அதன்மேல் யாரும் பழி போடுவதில்லை!

எம்.ஐ.டி.யின் ஜான் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் ரிச்சர்ட் வர்ட்மனும் 1971-இல் எலிகளுக்குச் சிறிதளவு டிரிப்டோஃபானை ஊசிவழி செலுத்தினார்கள். ரத்தத்தில் அது கூடியது, மூளையில் செரோடோனினும் கூடியது. புரதமே இல்லாத மாவுச்சத்துத் தீனி கொடுத்தபோதும் செரோடோனின் கூடியது. புரதம் சேர்ந்த தீனியில்தான் கணக்கு இடித்தது. ரத்தத்தில் டிரிப்டோஃபான் இன்னும் அதிகமாக ஏறியும் மூளையில் மாற்றமில்லை.

1972-இல் விடை கிடைத்தது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக டிரிப்டோஃபானுக்குத் தனி வழி கிடையாது. டைரோசின், ஃபீனைல்அலனின், லியூசின், ஐசோலியூசின், வேலின் ஆகிய பிற அமினோ அமிலங்களோடு ஒரே பேருந்தில் இடம் பிடித்தாக வேண்டும். புரத உணவில் டிரிப்டோஃபான் நூற்றுக்கு ஒன்றோ சற்று அதிகமோதான். லியூசின் மட்டுமே எட்டு பங்கு அளவில் வந்துவிடும். நெரிசலில் மெலிந்தவன் பாடு தெரிந்ததுதானே! ஆக, ரத்தத்தில் அது எவ்வளவு என்பதைவிட, போட்டியாளர்களுக்கு அது என்ன விகிதம் என்பதே முக்கியம்.

மாவுச்சத்து சாப்பிட்டால் இன்சுலின் சுரக்கிறது. அது லியூசின் வகையறாவைத் தசைகளுக்குள் அனுப்பிவிடுகிறது. டிரிப்டோஃபானின் பெரும்பகுதி ரத்தத்திலுள்ள அல்புமினோடு ஒட்டியிருப்பதால் அவ்வளவாகக் குறைவதில்லை. விகிதம் உயர்கிறது. மூளையில் அதைச் செரோடோனினாக மாற்றும் நொதி வழக்கமாக முழு வேகத்தில் ஓடுவதில்லை. சரக்கு கூடுதலாக வந்தால் உற்பத்தியும் கூடும். இந்த விளைவும் எளிதில் கலைந்துவிடும், உணவில் கொஞ்சம் புரதம் சேர்ந்தாலே போதும்.

வாழைப்பழத்தில் செரோடோனினே இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அது ரத்த–மூளைத் தடையைத் தாண்டாது.

மனிதர்களிடம் ஆய்வாளர்கள் எதிர்வழியிலும் சோதித்திருக்கிறார்கள். டிரிப்டோஃபான் மட்டும் இல்லாத அமினோ அமிலக் கலவையைக் குடிக்கக் கொடுத்தால், சில மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு வெகுவாகச் சரியும். மருந்தால் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் சிலருக்கு அப்போது சோர்வு தற்காலிகமாகத் திரும்பியதை யேல் பல்கலைக்கழகக் குழு 1990-இல் வெளியிட்டது. மனச்சோர்வே கண்டிராதவர்களிடம் அதே பானம் பெரும்பாலும் மனநிலையை அசைப்பதில்லை.