உறங்காத வைத்தியர்கள்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வார்டில், முந்தின நாள் காலை டியூட்டிக்கு வந்து இன்னும் விடுதி திரும்பாத பட்ட மேற்படிப்பு மாணவி ஒருத்தி, பின்னிரவு மூன்று மணிக்கு ஒரு கிழவரின் கையில் நரம்பு தேடி ரத்தம் எடுத்து, குழாயின் மேல் அவர் பெயரை எழுதிவிட்டு, தன் கண்களையே நம்பாதவளாய் அதை மறுபடியும் மறுபடியும் படித்துப் பார்க்கிறாள். எட்டு மணிக்குப் பேராசிரியர் ரவுண்ட்ஸ் வருமுன் கேஸ் ஷீட்டுகள் அத்தனையும் எழுதியாக வேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் மனம் ஒடிந்து போனால், இத்தொழிலுக்கு வேண்டிய நெஞ்சுரம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அந்த அபிப்பிராயம் எவ்வளவு அநியாயமானது என்பதை அமெரிக்காவில் ஸ்ரீஜன் சென் என்ற மனநல வைத்தியரும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுகிறது. பயிற்சியில் சேரவிருந்த 740 இளம் வைத்தியர்களை அவர்கள் முன்கூட்டியே வினவியபோது மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்கு 3.9 பேரே, அதே மனிதர்களைப் பயிற்சி ஆண்டில் மும்மாதத்துக்கு ஒருமுறை வினவியபோது, சராசரியாக 25.7 பேர். வேலை நேரம் கூடியவர்களிடம் சோர்வும் கூடியிருந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் வெளியான கணக்கோ நூற்றுக்கு 28.8 என்கிறது.

இத்தகைய பயிற்சி வைத்தியர்களுக்கு வழங்கும் ரெஸிடென்ட் என்ற பெயருக்கே ஆஸ்பத்திரியில் குடியிருப்பவர் என்றுதான் பொருள். 1889-இல் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஹால்ஸ்டெட் சத்திர சிகிச்சைக்கு வகுத்த பயிற்சி முறை, இரவும் பகலும் அங்கேயே கிடந்து கற்பதைத் தவமாகக் கருதியது.

ஆயினும், உறக்கமின்மையைவிட அவமானமே ஆழமாகப் புண்படுத்துகிறது என்பது என் எண்ணம். இரவெல்லாம் விழித்திருந்தவளிடம் ஒன்பதாம் படுக்கை நோயாளியின் சோடியம் அளவைக் கேட்டு, அவள் ஒரு கணம் தயங்கியதற்காக, நோயாளியும் நர்ஸும் சக மாணவர்களும் பார்த்திருக்க, கேஸ் ஷீட்டைத் தூக்கியெறிகிற ஆசிரியர், அவளுக்குச் சோடியத்தைப் பற்றி எதையும் கற்பிப்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியத்தைப் பறித்துவிடுகிறார். சந்தேகத்தைக் கேட்க அஞ்சும் வைத்தியரால் நோயாளிக்கு நேரக்கூடிய அபாயத்தை விவரிக்கவும் வேண்டுமா?

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய அரசின் உத்தரவு பிறந்துவிட்டது. இன்றும் 36 மணி நேர டியூட்டி பல ஆஸ்பத்திரிகளில் சகஜமாய் நடக்கிறது. போதிய ஆட்களை நியமிப்பது சர்க்காரின் கடமை. துறைத் தலைவர்களே, அதுவரையில் உங்கள் கையில் இருப்பதையேனும் செய்யுங்கள்: கண்டிக்க வேண்டியதைத் தனியறையில் கண்டியுங்கள், இரவு டியூட்டி முடித்தவளை, ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்க வைக்காமல், காலையிலேயே உறங்க அனுப்புங்கள்.