ஒருங்கு இயங்கும் பணிகளும் பைத்தானின் திருத்தங்களும்

காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்து காரவள்ளி வழியே கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவில் ஒரு வண்டி திரும்பும்வரை எதிர்வரும் வண்டி ஒதுங்கி நிற்றல் வேண்டும். கணிப்பொறியில் பல பணிகளை ஒருங்கே இயக்கும் முறையும் இத்தகையதே ஆகும்.

ஒரு கணக்கில் 1000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். இரு பணிகள் அத்தொகையை ஒரே வேளையில் படித்து, தனித்தனியே 500 ரூபாயைக் கூட்டி எழுதினால், 2000 இருக்க வேண்டிய இடத்தில் 1500 மட்டுமே நிற்கும். உழைப்பாளி ஒருவரின் 500 ரூபாய் சுவடின்றி மறையும். இதனைத் தடுப்பது 'பூட்டு'. ஒரு பணி படித்து எழுதி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும்.

பைத்தான் மொழியின் 3.4 பதிப்பில், 2014ஆம் ஆண்டு, 'அசிங்க்ஐஓ' என்னும் நிரல் நூலகம் இடம்பெற்றது. தொடக்கத்தில், ஒரு பணியை நிறுத்துமாறு இடும் ஆணையைப் பொதுவான பிழைபிடிப்பு விழுங்கிவிடுவதுண்டு. பணியும் நில்லாது தொடரும். 2019இல் வந்த 3.8 பதிப்பு அவ்வாணையைப் பொதுப்பிழைகளினின்றும் பிரித்தது. மேலும், தனியே ஏவப்பட்ட பணியைச் சுட்டும் குறிப்பு எங்கும் இல்லையெனில், அது இடையிலேயே நினைவகத்தினின்று நீக்கப்படலாம். 2022இல் வந்த 3.11 பதிப்பின் 'பணிக்குழு' தன் பணிகளைப் பற்றி நிற்கிறது. ஒன்று தவறினால் ஏனையவற்றையும் நிறுத்துகிறது. அனைத்தும் முடிந்த பின்னரே வெளியேறுகிறது.

நூலகம் எத்துணைச் செம்மையுற்றாலும், பூட்டு வேண்டிய இடத்தை அறிந்து இடும் பொறுப்பு நிரல் எழுதும் நம்முடையதே. பிறர் பொருளைக் காக்கும் கடமை அதில் அடங்கியுள்ளது என்பதை மாணவர்கள் உளங்கொள்வார்களாக.