மதியச் சாப்பாடு எதில் கொண்டு போறீங்க?

மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருதுன்னு சொல்ற பெண்களிடம், நாடி பார்த்த கையோடு இதைத்தான் கேட்பேன். சிரிப்பார்கள். காரணம் இருக்கிறது.

1998-ல் அமெரிக்காவில் பாட்ரீசியா ஹன்ட் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில், பெண் சுண்டெலிகளின் கருமுட்டைகள் திடீரென்று பழுதாயின. வழக்கமாக நூற்றுக்கு ஒன்றிரண்டு கெட்டிருக்கும், அப்போது 40! துருவிப் பார்த்தால், கூண்டையும் தண்ணீர் பாட்டிலையும் தவறான சோப்பு போட்டுக் கழுவியிருக்கிறார்கள். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அரித்து, 'பிஸ்பினால்-ஏ' கசிந்திருக்கிறது.

இது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரியே வேஷம் போடும். அதற்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முட்டை முதிர்வதும் விலக்கு ஒழுங்காக வருவதும் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தை நம்பித்தானே இருக்கு? எலிக்கு ஆனது அப்படியே நமக்கும் ஆகும்னு பயமுறுத்த மாட்டேன். ஆனாலும் நம் நாட்டிலேயே 2015-ல் பால் பாட்டில்களில் இதற்குத் தடை வந்தாச்சு.

எல்லாப் பிளாஸ்டிக்கிலும் இது கிடையாது. ஆனால் எது எந்த ரகம்னு அடுப்படியில் யார் சோதிக்கிறது? சூடும் கீறலும் கசிவைக் கூட்டும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்காத பாட்டிமார் வழிதான் இதுவும். கொதிக்கிற சாம்பாருக்கு எவர்சில்வர் தூக்கு போதும்.

மூன்று மாதமாக விலக்கே வரலையா? டப்பாவை மாத்தியாச்சுன்னு சும்மா இருக்காதீங்க. தைராய்டு, சினைப்பை இரண்டையும் டாக்டரிடம் காட்டிப் பாருங்க.