விற்பனைக்கு முன் காரின் பிரேக்கைத் தாமே பழுதுபார்த்தல்

பழைய காரை விற்க நினைப்பவருக்கு அதன் பிரேக்கில் குறை இருப்பது தெரிந்தால், அவர்முன் மூன்று வழிகள் உள்ளன. தாமே சரிசெய்யலாம், பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யலாம், குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து, உள்ளபடியே விற்கலாம். கதவில் கீறல், குளிராத ஏ.சி. போன்ற பழுதுகளில் இது வெறும் வரவுசெலவுக் கணக்கு. பிரேக்கில் அப்படியில்லை. வேலை பிசகினால் அகப்படுவது செய்தவர் அல்லர். காரை வாங்கியவரும் சாலையைக் கடப்பவரும்தான். எனவே செலவைக் கணக்கிடும் முன், எந்த உறுப்பு கெட்டிருக்கிறது, அதைக் கழற்றி மாட்டிய பழக்கம் நமக்கு உண்டா என்பதைப் பார்க்க வேண்டும்.

பிரேக் இயங்கும் விதம்

1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,39,000 ஜூல். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். காரை நிறுத்துவது என்றால் இவ்வளவையும் உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றுவது. இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இருக்கும். டிஸ்க்கை இருபுறமும் கவ்வுவது பேட். டிரம்மின் உட்புறத்தை அழுத்துவது ஷூ.

காலால் மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். இது பள்ளியில் படிக்கும் பாஸ்கல் விதியே. அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 3 சதுர செ.மீ., சக்கரத்துப் பிஸ்டன் 18 சதுர செ.மீ. என்றால் விசை ஆறு மடங்காகும். ஆனால் குழாயில் காற்றுக்குமிழி புகுந்துவிட்டால், மிதிக்கும் விசை அக்குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. பெடல் பஞ்சுபோல் உள்ளே போகிறது.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அன்று. வழக்கமாகப் பயன்படும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் சார்ந்தவை. காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறிய நிலையில் 140 டிகிரி இருந்தாலே தரவிதிக்குப் போதும். ஊருக்குள் நன்றாக நின்ற கார், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது இந்த ஈரம் ஆவியாகிப் பெடல் தளரலாம். விற்பவர் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்து "பிரேக் நன்றாக இருக்கிறது" என்று சொல்வது இதனால்தான் போதாது.

எது தாமே செய்யத்தக்கது

பேட் மாற்றுவது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. புதிய பேடில் உராய்வுப் பகுதி சுமார் 10 மி.மீ. தடிமன் இருக்கும், 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்தால் மாற்றுவது வழக்கம். ஒரு சக்கரத்தில் மட்டும் மாற்றக் கூடாது. இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கையில் கார் ஒரு பக்கம் இழுக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் கை வைக்கலாகாது. தாங்கு ஸ்டாண்ட் வேண்டும். கழற்றிய கேலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும். பேடிலோ டிஸ்க்கிலோ கிரீஸ் படக் கூடாது. முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. முதன்முறை செய்பவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

டிரம் பிரேக்கில் ஸ்பிரிங்குகளும் சரிசெய் திருகும் உள்ளன; மாற்றி மாட்டினால் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்து கெடும். பழக்கமில்லாதவர் தொட வேண்டியதில்லை. மாஸ்டர் சிலிண்டர், குழாய், ஆயில் கசிவு, காற்று எடுத்தல், ஏ.பி.எஸ். ஆகியவை பட்டறைக்கே உரியவை. முதன்முதலாகப் பிரேக் வேலை பழகுவதற்கு, இன்னொருவர் ஓட்டப்போகும் கார் ஏற்றதன்று. தம் காரில் செய்தவர் அடுத்த சில நாட்கள் அதன் போக்கைக் கவனித்துத் திருத்திக்கொள்வார். விற்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சொல்வதும் மறைப்பதும்

பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும். கிண்ணத்தில் ஆயில் மட்டம் இறங்கும். எச்சரிக்கை விளக்கு எரியும். கொஞ்சம் ஆயில் ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும், பேட் தேய்ந்தது தேய்ந்ததுதான். விற்பதற்கு முதல்நாள் இப்படிச் செய்வது பழுதுபார்ப்பு ஆகாது.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொதுவாக, வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்ற நிலையிலிருந்து தொடங்குகிறது. ஆனால் தெரிந்த உண்மையை ஏமாற்றும் எண்ணத்துடன் செயலால் மறைப்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவின்படி மோசடி. ஆபத்து விளைவிக்கும் குறை இருப்பது தெரிந்தும் வாகனத்தைப் பொதுச்சாலையில் ஓட்டுவதும், ஓட்ட விடுவதும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவின்கீழ் குற்றம். வாங்க வந்தவர் ஓட்டிப் பார்க்கும் அந்த ஒரு சுற்றும் இதில் அடங்கும்.

பணம் கைமாறியதோடு பொறுப்பும் தீர்ந்துவிடுவதில்லை. 2018இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், கார் பல கை மாறியிருந்தும், பதிவில் பெயருள்ளவரே உரிமையாளர் என்றும் இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

பட்டறையில் வேலை செய்திருந்தால் ரசீதைக் காருடன் கொடுக்கலாம். வாங்குபவர் அழைத்துவரும் மெக்கானிக்குக்கு விற்பவரின் சொல்லைவிட அது பயன்படும். தாமே செய்திருந்தால் எந்த உறுப்பை, எந்தத் தேதியில், எத்தனை கி.மீ. ஓடியபோது மாற்றினார் என்று எழுதிக் கொடுப்பது நல்லது. சரிசெய்யாமல் விற்பவர், குறையை விற்பனைக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். பெடல் உள்ளே போகும் நிலையில் இருந்தால் காரை ஓட்டிக் காட்டாமல் நிறுத்தியே காட்டி, பட்டறைக்கு மீட்பு வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அதன் வாடகை யார் பொறுப்பு என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்ளலாம்.