மாத்திரை மலிந்தது, வழிதான் நீளம்

கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிக்கக் கொடுப்பது தோட்டத்து வீடுகளில் பழகிய கைவைத்தியம். ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. கிருமி இருபது, முப்பது ஆண்டுகள் உள்ளேயே இருந்து கல்லீரலைத் தழும்பாக்கிக்கொண்டிருக்கும். வயிற்றில் நீர் கோத்து வீங்கிய பிறகு மருத்துவமனைக்குப் போனால், நோய் கல்லீரல் சுருக்கத்தையோ புற்றுநோயையோ எட்டியிருக்கலாம்.

இது இரத்தத்தின் வழியே பரவுகிறது. ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வதுதான் மலேசியாவில் முக்கியக் காரணம். 2009-ஆம் ஆண்டு நிலவரத்தைக் கொண்டு செய்த ஒரு மதிப்பீடு, நாட்டில் ஏறத்தாழ நான்கரை லட்சம் பேரிடம் இத்தொற்று இருப்பதாகவும், பாதிக்கு மேற்பட்டோருக்கு அது ஊசி வழி போதைப்பொருளால் வந்தது என்றும் கணக்கிட்டது. சிரிஞ்சுக்குள் தங்கும் துளி இரத்தத்தில் கிருமி 63 நாள் வரை உயிரோடிருக்கக்கூடும் என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஊசியைத் தவிர, போதைப்பொருளைக் கரைக்கும் கரண்டி, வடிக்கும் பஞ்சு, பொதுவில் வைத்த தண்ணீர் ஆகியவையும் ஆபத்தானவை. தடுப்பூசி கிடையாது.

சிகிச்சை உண்டு. முன்பு அது ஓராண்டு வரை வாராவாரம் போட வேண்டிய இண்டர்ஃபெரான் ஊசியாக இருந்தது. காய்ச்சலும் மனச்சோர்வும் தாங்காமல் பாதியில் விட்டவர்கள் ஏராளம். 2013-இன் கடைசியில் வந்த சோஃபோஸ்புவிர் மாத்திரை நிலைமையை மாற்றியது. இன்னொரு மாத்திரையோடு சேர்த்துத் தினமும் ஒரு வேளை, 12 வாரம் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமல் குணமாகிறது. ஆனால் விலை? வந்த புதிதில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் ஒரு முறை முழுவதற்கும் 84,000 டாலராக இருந்தது.

2017 செப்டம்பரில் மலேசிய அரசு, காப்புரிமைச் சட்டம் தனக்குத் தரும் உரிமையைப் பயன்படுத்தி, காப்புரிமை வைத்திருந்த கிலியட் நிறுவனத்தின் சம்மதமின்றியே மலிவான பொதுப்பெயர் மருந்தை அரசு மருத்துவமனைகளுக்கு வாங்க வழி செய்தது. சோஃபோஸ்புவிருக்காக இப்படிச் செய்த முதல் நாடு மலேசியாதான். அடுத்த ஆண்டு முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. எகிப்தின் ஃபார்கோ நிறுவனம் தயாரித்த ரவிடாஸ்விர் மாத்திரைக்கும் மலேசியாவிலும் தாய்லாந்திலும் சோதனை நடந்தது. 2021-இல் மலேசியா அதைப் பதிவு செய்தது.

மருந்து மலிந்தும் எல்லோர் கைக்கும் எட்டவில்லை. 2018 கடைசியிலிருந்து 25 அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் விரல்நுனி இரத்தச் சோதனை நடத்திப் பார்த்தார்கள். 15,000-க்கும் மேற்பட்டோர் சோதித்துக்கொண்டார்கள். சுமார் 2,000 பேருக்குக் கிருமி பட்ட அடையாளம் தெரிந்தது. அந்த அடையாளம் மட்டும் போதாது. சிலர் உடம்பு தானாகவே கிருமியை விரட்டியிருக்கும். ஆகவே இரண்டாவது சோதனை வேண்டும். அதற்கே நாலில் மூவர்தான் வந்தார்கள். நோய் உறுதியானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரே மாத்திரையைத் தொடங்கினார்கள்.

லூபோக் சீனா போன்ற ஊரிலிருந்து பார்த்தால் காரணம் புரியும். லிங்கி ஆற்றை ஒட்டிய இந்தச் சிற்றூர் மலாக்கா மாநிலத்து அலோர் காஜா மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. மலாக்கா நகரத்துப் பெரிய மருத்துவமனை முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால். செம்பனைத் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகிறவர் சோதனைக்கு ஒரு நாள், முடிவுக்கு ஒரு நாள், நிபுணருக்கு ஒரு நாள் என்று அலைந்தால் அத்தனை நாள் சம்பளமும் போச்சு. கூடவே பயம். ஆபத்தான போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, தடைசெய்த போதைப்பொருளைத் தானே உடம்பில் ஏற்றிக்கொண்டவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ கிடைக்கலாம். "ஊசி போட்டீர்களா?" என்று டாக்டர் கேட்டால் அவர் எப்படித் தயங்காமல் பதில் சொல்வார்?

ஊசி போடுகிறவர்கள் ஏற்கெனவே வந்து போகும் இடத்திலேயே எல்லாவற்றையும் வைத்துவிடுவதுதான் இதற்கு வழி. மலேசியாவில் அந்த இடம் இருக்கிறது. ஹெராயினுக்கு மாற்றான மெத்தடோன் சிகிச்சை 2005-இலும், சுத்தமான ஊசி வழங்கும் திட்டம் 2006-இலும் தொடங்கின. அதற்குமுன் நாட்டின் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் பெரும்பங்கு ஊசியால் வந்தது. இன்று அது மிகச் சிறு பங்கு. மெத்தடோன் கவுண்டரில் வேலை எளிமையானது. பெயரைச் சரிபார்த்து, அளந்த திரவத்தை மருந்தாளர் நீட்டுகிறார். வந்தவர் அவர் கண்முன்னேயே குடித்து, மேலே தண்ணீரும் குடித்து, இரண்டு வார்த்தை பேசிக் காட்டுகிறார். வாயில் ஒதுக்கி வெளியே கொண்டுபோகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. மெத்தடோனுக்காக நின்றவர் அதே கவுண்டரில் ஹெபடைடிஸ் மாத்திரையையும் விழுங்கினால் தனியாக அலையத் தேவையில்லை.

ஸ்காட்லாந்தில் டண்டீ நகரைச் சுற்றிய டேசைட் வட்டாரத்தில் இதைச் செய்து காட்டினார்கள். மெத்தடோன் தரும் மருந்துக் கடைகளில் மருந்தாளரே சோதித்து, மாத்திரையும் கொடுத்தார். மருத்துவமனைக்கு அனுப்பிவைத்ததைவிட இதில் கூடுதலானோர் குணமடைந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் 2022-இல், நிபுணரல்லாத மருத்துவரும் தாதியும் இச்சிகிச்சையைத் தரலாம் என்று பரிந்துரைத்தது. மருத்துவமனைக்கு வெளியே மருந்து கொடுப்பது மலேசியாவுக்கும் புதிதல்ல. கோலாலம்பூர் அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் 2010-இலேயே மெத்தடோன் வழங்கத் தொடங்கியிருந்தார்கள். மருந்து இருப்பிடம் தேடி வருவது தமிழர்களுக்கும் பழகியதுதான். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கே வந்து மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

குணமானவருக்கும் கிருமி மீண்டும் தொற்றலாம். அதனால் சுத்தமான ஊசியும் மெத்தடோனும் மாத்திரையோடு சேர்ந்தே கிடைக்க வேண்டும். மீண்டும் தொற்றினால் மீண்டும் சிகிச்சை தரலாம். அதைக் காட்டி முதல் சிகிச்சையை மறுக்க நியாயமில்லை.

சோதித்துக்கொள்ள வேண்டியவர்கள், இன்று ஊசி போடுகிறவர்கள் மட்டுமல்ல. இளம்வயதில் ஒரே ஒருமுறை ஊசியைப் பகிர்ந்து, பிறகு குடும்பம் குட்டி என்று ஆகிவிட்ட ஐம்பது வயதுக்காரரும், 1990-களின் நடுப்பகுதிக்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவரும், சுத்தம் செய்யாத ஊசியால் பச்சை குத்திக்கொண்டவரும் அந்தப் பட்டியலில் உண்டு. விரல் நுனியில் ஒரு குத்து, கால்மணி நேரக் காத்திருப்பு, அவ்வளவுதான் முதல் சோதனை.