உறைபனிக் காலத்தில் கேரவன் வாழ்க்கை

உறைபனிக் காலத்தில் கேரவன் வாழ்க்கை என்பது, படுக்கை, சமையலறை, கழிவறை ஆகியவற்றைக் கொண்ட ஊர்தியில் நீரின் உறைநிலையை (0 °செ) ஒட்டிய குளிரில் வசிப்பதாகும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவ்வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் 'கேரவன்' என்ற சொல் பெரும்பாலும் திரைப்பட நடிகர்களின் ஓய்வு ஊர்தியைக் குறிக்கும்.

தட்பவெப்பம்

திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. அங்கும் சுற்றியுள்ள சமவெளியிலும் உறைபனி விழுவதில்லை. அதே மாவட்டத்திலுள்ள கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 °செ குறைகிறது. எனவே இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 °செ வேறுபாடு இருக்கும். டிசம்பர், சனவரி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் கொடைக்கானல் புல்வெளிகளில் உறைபனி படிவதுண்டு. காலையில் சமவெளியிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறும் ஊர்தி அன்றிரவே உறைபனியில் நிற்கக்கூடும்.

நீர், எரிவாயு, மின்கலம்

நீர் உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 விழுக்காடு கூடுவதால் குழாய்கள் வெடிக்கின்றன. சமையல் எரிவாயு புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவையாகும். புரோப்பேனின் கொதிநிலை -42 °செ. பியூட்டேனின் கொதிநிலை -0.5 °செ. ஆகவே கடுங்குளிரில் பியூட்டேன் ஆவியாகாமல் உருளையிலேயே தங்க, அடுப்புச் சுடர் தளர்கிறது. லித்தியம் மின்கலங்களை 0 °செ-க்குக் கீழே மின்னேற்றினால் அவை பழுதடையும்.

காற்றோட்டம்

மூச்சிலும் சமையலிலும் வெளிப்படும் நீராவி குளிர்ந்த கண்ணாடியிலும் சுவர்களிலும் நீராகப் படிந்து பூஞ்சைக்கு இடமளிக்கிறது. குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளை அடைப்பது இதனை மிகுவிப்பதுடன் பெரிய ஆபத்தையும் விளைவிக்கிறது.

கரி, எரிவாயு, டீசல் முதலியன முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறமோ மணமோ இல்லை. இது குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் வலிமையாகப் பிணைகிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் தோன்றும். உறங்குபவர் விழிக்காமலேயே இறக்க நேரிடும்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், தங்கிய அறைக்குள் கரியடுப்பு வைத்திருந்த இளைஞர்களில் இருவர் இறந்தனர். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். மின்னாக்கியின் புகை உள்ளே புகுந்ததே காரணம் என ஆய்வில் தெரியவந்தது. வடகரை குளிர்ப்பகுதியன்று. மூடிய இடத்தில் நச்சுப்புகை சேர்வதே உயிரிழப்புக்குக் காரணமாகிறது; குளிர், இடத்தை மூடத் தூண்டுகிறது.

பாதுகாப்பு முறைகள்

மேற்கூரைத் துளையைச் சிறிதளவேனும் திறந்து வைத்தல், கரியடுப்பையும் சமையல் அடுப்பையும் அறையைச் சூடேற்றப் பயன்படுத்தாமை, புகையை வெளியே செலுத்தும் சூடாக்கியைப் பொருத்துதல், படுக்கையருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைத்தல் ஆகியன இன்றியமையாதவை.