சிற்றியந்திரங்களுக்கேற்ற காலெட் சக்

தமிழ் பயில்வோனுக்கு இரும்புப் பட்டறையில் என்ன வேலை என்று வினவுவார்க்கு, கடைசல் என்பது பழந்தமிழ்த் தொழிலே என விடை கூறி மேற்செல்கின்றேன்.

லேத்து என வழங்கும் கடைசல் இயந்திரத்தில் மூன்று தாடைச் சக் பெரும்பான்மையான வேலைக்குப் போதும். ஆயினும் அதிற் பற்றிய கம்பி சிறிதேனும் மையம் விலகியே சுழலும். மெருகிட்ட பித்தளையில் தாடையின் வடுவும் விழும். இக்குறை நீக்கவே காலெட்டை நாடுகின்றனர். காலெட் என்னும் பிரெஞ்சுச் சொல் சிறு கழுத்துப்பட்டியைக் குறிக்கும். கீற்றுக்களாகப் பிளந்த எஃகுக் குழல், கூம்புத் துளையினுட் செலுத்தப்பெறுங்கால் நாற்புறமும் ஒருங்கே குறுகிப் பொருளைத் தழுவிக்கொள்கின்றது.

அமெரிக்க 5 சி வகை உறுதியானதே. எனினும் ஒவ்வொரு காலெட்டும் தன் அளவையன்றிப் பிறிதொன்றைப் பற்றாது. சுவிட்சர்லாந்தின் ரீகோ-ஃபிக்ஸ் நிறுவனத்தார் 1972-இல் வெளியிட்ட இ.ஆர். வகையோ, பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் வரை குறுகும். ஆதலின் பொழுதுபோக்காய்த் தொழில் செய்வார்க்கு இதுவே சாலும். இ.ஆர். 20 ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் வரையும், இ.ஆர். 32 ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் வரையும் பற்றும்.

இனி, தேர்வில் பலர் இடறுமிடம் யாதெனின், சக்கின் பின்புற அமைப்பாம். மோர்ஸ் டேப்பர்க் காம்புடைய சக் விலை குறைந்தது, மாட்டுதலும் எளிது. ஆனால் அது சுழல்தண்டின் துளையை அடைத்துவிடும். நீண்ட கம்பியைத் துளை வழியே நுழைத்துப் பத்துத் திருகாணி கடைய விரும்புவான், வாங்கிய அன்றே ஏமாற்றமடைவான். சீனத்திற் செய்யப்படும் சிறு லேத்துக்களின் துளை பெரும்பாலும் 20 மில்லிமீட்டர். எனவே தட்டின்மேற் பொருத்தும் இ.ஆர். 32 சக் அதற்கு இணையாக அமைகின்றது. டயல் மானி கொண்டு மையம் பார்த்துப் பூட்டும் உழைப்பு மட்டும் கூடுதல்.

மில்லிங் இயந்திரத்திலோ காம்புடையதே தக்கது. அங்கே நீண்ட கம்பி நுழைவதில்லை. இழுதண்டு காம்பை மேலே இறுகப் பிடித்திருக்கும். சிலர் சிக்கனம் கருதி டிரில் சக்கிலேயே கட்டரைப் பூட்டுகின்றனர். உறவினர் ஒருவர் அவ்வாறு செய்ய, கட்டர் மெல்ல மெல்ல இறங்கி, இரு நாள் உழைத்த அலுமினியத் துண்டைக் குடைந்து கெடுத்ததை யான் அருகிருந்து கண்டேன். கீழ்நோக்கித் துளையிடுதற்கென அமைந்த சக், பக்கவாட்டு நெருக்கத்தைத் தாங்காது. சக்கே கழன்று விழுதலும் உண்டு.

இரண்டு இயந்திரங்களுக்கும் ஒரே அளவைக் கொள்ளின் ஒரு தொகுதிக் காலெட்டே போதும். பதினெட்டுக் காலெட் நிறைந்த பெட்டி கண்ணுக்கு விருந்துதான்; பாதி எண்ணெய் உலராமலே கிடக்கும். சக்கின் உட்கூம்பு கோணியிருப்பின் எந்நல்ல காலெட்டும் பயன்படாது. ஆகையால் பணத்தைச் சக்கிற் செலவிட்டு, வேண்டும் அளவில் நான்கைந்து காலெட் மட்டும் வாங்குக.

காலெட்டை முதலில் நட்டினுள் சாய்த்து, ‘டிக்’கென்று பொருந்தச் செய்த பின்னரே சக்கில் திருகவேண்டும். மாறிச் செய்தால், தளர்த்தும்போது காலெட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பற்றும் பொருள் குட்டையாயின், அதே பருமனுள்ள துண்டொன்றைக் காலெட்டின் மறுமுனையில் இடுக. இன்றேல் முன்வாய் மட்டும் இறுகிப் பொருள் சாயும்.